மோசமான அடியும் ஓடும் தரை

எங்கள் ஊரில் மழையைத் திட்டாத ஆள் நான் ஒருவன்தான். இன்வர்ஸ்கேலில் பாதி நாள் தூறல். மீதி நாள் கடல்மூட்டம் வந்து ஈரக் கம்பளி மாதிரி மூடிக்கொள்ளும். நான் மருந்துக்கடை வைத்திருக்கிற இத்தனை காலமும், உள்ளே வருகிறவர்கள் குடையை உதறிக்கொண்டே முதலில் வானத்தை வைவார்கள், அப்புறம்தான் மூட்டுவலி மாத்திரை கேட்பார்கள். நான் சும்மா தலையாட்டுவேன். ஈரத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது சத்தத்தை விழுங்கிவிடும்.

தேநீரை ஆறவிடாதீர்கள், சார்ஜென்ட். நீங்கள் விசாரணையை முடித்து, விபத்து என்று மேலே எழுதி அனுப்பியாயிற்று என்று தெரியும். நல்லபடியாகத்தான் விசாரித்தீர்கள். உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. நான் சொன்னதை வைத்துத்தானே நீங்கள் எழுத முடியும்.

டூகல் ரென்னி என் தங்கை எல்ஸ்பெத்தின் கணவன். மீன்பிடிப் படகு வைத்திருந்தான். ஒருநாள் எஞ்சின் அறையில் பேட்டரி வெடித்து, அமிலம் இரண்டு கண்ணையும் கொண்டுபோயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். வானொலியில் கடல்நிலை அறிக்கை கேட்பான், சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வருவான், திரும்ப உட்கார்ந்துகொள்வான். இரண்டு குளிர்காலம் அப்படியே போயிற்று.

எல்ஸ்பெத் ஒருநாள் கடைக்கு வந்தாள். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வந்திருந்தாள்.

"அண்ணா, அவரு சாவுக்குக் காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. நான் சொன்னா காதுல விழல. நீ ஏதாவது பண்ணு."

எனக்கு மனைவி, மக்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவள் வீட்டில்தான். அவளுக்கு இல்லாமல் நான் யாருக்குச் செய்வது? டூகல் சின்ன வயதில் கோல்ஃப் நன்றாக ஆடுவான். நான் அவனைக் கடற்கரை மைதானத்துக்குக் கூட்டிப்போனேன்.

கண் தெரியாதவர் கோல்ஃப் ஆடுவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பந்து அசையாமல் கிடக்கிற ஆட்டம் அது. கூட ஒருவர் நின்று, மட்டையின் தலையைப் பந்துக்குப் பின்னால் பொருத்திக் கொடுத்து, கொடி எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று சொன்னால் போதும். அடித்த பிறகு பந்து எங்கே போயிற்று என்று சொல்ல வேண்டும். அந்தக் கடைசி வேலைதான் என்னுடையது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

முதல் பொய் ரொம்பச் சின்னது. அவன் அடித்தான், பந்து வலப்பக்கம் முட்புதருக்குள் போய்ச் சேர்ந்தது. அவன் முகத்தைத் திருப்பி, "எங்க போச்சு, மச்சான்?" என்றான். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

"நடுவுல கெடக்கு, மாப்ள. அருமையான அடி."

என் சட்டைப்பையிலிருந்து வேறு பந்தை எடுத்து நடுவில் போட்டேன். ஈரத் தரை, சத்தமே இல்லை. அவன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்தான். அன்று ராத்திரி எல்ஸ்பெத் வீட்டில் புகைபோட்ட மீன் சூப்பை இரண்டு தடவை வாங்கிக் குடித்தான். அவள் அடுப்படிக்குப் போய் ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அதற்கப்புறம் பழகிவிட்டது. குழிக்குப் பக்கத்தில் வந்ததும் நான் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவன் தட்டுவான். பந்து குழிக்குள் போகாவிட்டால், என் கையில் இருக்கிற இன்னொன்றைக் குழிக்குள் நழுவவிடுவேன். 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு அவன் முகம் மலர்வது ஒரு குழந்தை முகம் மாதிரி இருக்கும். உண்மையில் குழிக்குள் போன பந்துகளும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை.

கிளப் போட்டிகளில் அவன் பெயரைக் கொடுத்ததும் நான்தான். யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நாங்கள் எல்லோருக்கும் கடைசியாகப் போவோம். எத்தனை அடி என்று அட்டையில் எழுதுவது நான். கையெழுத்துப் போடுவதும் நான். மூன்றாம் வருஷம் அவன் வசந்தகாலக் கோப்பையை ஜெயித்தான். இரண்டாவதாக வந்தவன் தச்சன் மேக்னஸ் டுலக். அவன் அந்தக் கோப்பைக்காக எத்தனையோ வருஷமாக ஆடிக்கொண்டிருந்தவன். தோற்றதும் முதல் ஆளாக வந்து டூகலைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளப் மதுக்கூடத்தைச் சுற்றி வந்தான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கண் தெரியாதவன் ஜெயித்ததைச் சந்தேகப்படுகிறவனை ஊர் மன்னிக்குமா?

மாவட்டப் பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் இரண்டு பேர். மேலே 'மச்சான் கொடுத்த கண்' என்று போட்டிருந்தார்கள். தேவாலயத்தில் பாதிரியார் என் பெயரைச் சொல்லாமல் என்னைப் பற்றிப் பேசினார். அடுத்த வருஷத்துக் கிளப் தலைவராக என்னைத்தான் போடுவதாக முடிவாகியிருந்தது. இதெல்லாம் எனக்கு முக்கியம் இல்லை. முக்கியம் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

இந்த வருஷம் மே மாதத்தோடு மழை நின்றது.

முதலில் எல்லோருக்கும் சந்தோஷம். ஜூன் பிறந்ததும் புல் வெளுத்தது. ஜூலையில் மைதானம் முழுவதும் ஓட்ஸ் ரொட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. கொடி நட்ட இடங்களுக்கு மட்டும் புல் சாகாத அளவுக்குத் தண்ணீர் தெளித்தார்கள். தரை இறுகிப்போய், செருப்பு வைத்தால் கல்லில் நடக்கிற மாதிரி சத்தம் கேட்டது. வெளியூர்க்காரர்கள் பந்தை உயரத் தூக்கிக் கொடிக்குப் பக்கத்திலேயே போடுவார்கள். அது நிற்காமல் பின்பக்கம் இறங்கி மணல்குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் ஆட்கள் முன்னாலேயே தாழப் போட்டு, மேடு பள்ளம் பார்த்து உருளவிட்டார்கள். பந்து யோசித்து யோசித்துப் போகிற மாதிரி இருக்கும். இந்தப் பக்கம் சாயும், மனசு மாறி அந்தப் பக்கம் திரும்பும். மேக்னஸ் டுலக் மதுக்கூடத்தில் தினமும் ஒன்றையே சொல்வான்: "இந்த வருஷம் மோசமான அடியும் ஓடும்டா. நல்ல அடிதான் நிக்காது." ஊரே அதைச் சொல்ல ஆரம்பித்தது.

டூகல்தான் எல்லோரையும் விட அதை ரசித்தான். காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவன் அடித்துவிட்டுக் கையைத் தூக்கி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னான். தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"மச்சான், பந்து ஓடுற சத்தம் கேக்குது. அங்க ஒரு மேடு ஏறுது பாரு... எறங்குது... நின்னுடுச்சு. நான் பந்தைப் பாக்குறேன், மச்சான்."

அன்றிலிருந்து ஜாக்கிரதையாக இருந்தேன். பொய்யைக் குறைத்தேன். முழுவதும் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் திடீரென்று அவன் ஆட்டம் ஏன் இப்படிக் கெட்டுப்போயிற்று என்று அவனே கேட்பானே.

அவன் எதுவும் கேட்கவில்லை. பேச்சுதான் குறைந்தது. வழக்கமாக என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டே வருவான். என் கடையில் ஊருக்கெல்லாம் மருந்து இருக்கிறது, கல்யாணம் ஆகாததற்கு மட்டும் மருந்து இல்லையா என்பான். அந்த வாரம் அதெல்லாம் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், இரண்டாவது குழி. கொடி மிகப் பக்கத்தில், என் காலடியில். அவன் தட்டினான். பந்து குழிக்கு நேராக வரவில்லை. ரொம்பத் தள்ளி, சரிவுப் பக்கமாக வேகமாக ஓடிற்று. காய்ந்த தரையில் சலசலவென்று உருண்டுபோய்க் கீழே கூழாங்கல்லில் விழுந்தது. என் கை தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது. 'டொக்.'

"அருமை, மாப்ள," என்றேன்.

அவன் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றான். கோபம் எதுவும் முகத்தில் தெரியவில்லை.

"நான் வேணும்னுதான் அந்தப் பக்கம் தட்டினேன். ஒரு பந்து ரெண்டு எடத்துல விழுமா, மச்சான்?"

எவ்வளவு நாளாக என்று கேட்டான். இந்தக் கோடையில்தான் என்றேன். கொஞ்சம் பொறுத்து, கோப்பையைப் பற்றிக் கேட்டான். நான் பேசாமல் நின்றேன். அவனுக்கு அது போதும். காது அவ்வளவு கூர்மையாகிவிட்டிருந்தது அவனுக்கு. பேசாமல் நிற்கிறதும் கேட்டது.

திட்டியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். புல்லில் உட்கார்ந்துகொண்டு, என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னான்.

"நீ இல்லேன்னா அந்த நாற்காலியிலயே செத்திருப்பேன். அது எனக்குத் தெரியும். அதுக்கு உன்மேல எனக்குக் கோபம் வராது. ஆனா டுலக் என்னைத் தோள்ல தூக்கினான், மச்சான். அது தொண்டையில நிக்குது."

சனிக்கிழமை கிளப் கமிட்டி கூடுகிறது, நானே சொல்லிவிட வேண்டும் என்றான். நான் சொல்லாவிட்டால் அவன் சொல்வான். எல்ஸ்பெத்திடமும் அன்றைக்கே சொல்லிவிடலாம், இருவருமாக. அதுவரை அவன் வாயைத் திறக்க மாட்டான். இவ்வளவையும் ஒரு வலையைச் சரிபண்ணுகிற நிதானத்தில் சொன்னான். எழுந்தபோது என் முழங்கையைத்தான் பிடித்துக்கொண்டான். வேறு யாருடையதைப் பிடிப்பான்.

வியாழக்கிழமை அவனே தொலைபேசியில் கூப்பிட்டான்.

"வா, மச்சான். ஒரு தடவையாவது நெசமா ஆடலாம். பந்து எங்க கெடக்கோ அங்கதான் வேணும் எனக்கு. சாக்கடையில கெடந்தா சாக்கடைன்னு சொல்லு."

போனோம். நீங்கள் என்னிடம் காரணம் கேட்டால், அந்த முதல் ஐந்து குழிகளைத்தான் காரணமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

அவன் மிக மோசமாக ஆடினான். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. மணல்குழி என்றேன், முள் என்றேன், காணாமல் போய்விட்டது என்றேன். ஒரு மணல்குழியிலிருந்து வெளியே வருவதற்குள் வெயில் எங்கள் நிழலை நீட்டிவிட்டது. வந்ததும் மட்டையைத் தலைக்கு மேல் தூக்கிச் சிரித்தான். அவன் படகில் இருந்த காலத்துச் சிரிப்பு. எல்ஸ்பெத்தைக் கட்டிக்கொண்ட அன்று சிரித்தது. நான் கொடுத்த அத்தனை வெற்றியிலும் அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை.

"எவ்ளோ மோசமா ஆடுறேன் பாத்தியா? இதெல்லாம் என்னோட அடி, மச்சான். எனக்கே எனக்கு."

அதோடு இன்னொரு விளையாட்டும் ஆரம்பித்தான். அடித்துவிட்டு என் கையை விட்டுவிடுவான். பந்து ஓடி நின்ற சத்தத்தை வைத்துத் தானே நடந்து போவான். நான் பின்னால் நின்று 'இடது', 'நேரா' என்று மட்டும் சொல்ல வேண்டும். முதல் ஐந்து குழியும் ஊர்ப்பக்கம் இருப்பவை, பயமில்லை. பந்தின் மேலேயே காலை வைத்துவிடுகிற அளவுக்குச் சரியாகப் போனான். நான் பின்னால் வெறும் கையோடு நடந்தேன்.

ஆறாவது குழி கடலோரம். இடப்பக்கம் தரை லேசாகச் சாய்ந்து, பாறை விளிம்பில் முடிகிறது. அதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கயிறு கட்டி இறங்கி அவனை எடுத்தவர்கள் உங்கள் ஆட்கள்தான்.

அன்று நான் உங்களிடம் சொன்னது இது: அவன் அடித்த பந்து காய்ந்த தரையில் வழக்கத்தை விட வெகுதூரம் ஓடி, விளிம்புக்கு ஒரு சாண் இப்பால் நின்றது. நான் குனிந்து பையை எடுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்வதற்குள் அவன் சத்தத்தைத் தொடர்ந்து போய்விட்டான். கூப்பிட்டேன், காற்றில் கேட்கவில்லை. நீங்கள் போய்ப் பார்த்தீர்கள். நான் சொன்ன இடத்தில் பந்து இருந்தது. ஊரில் எல்லோரும் தரையைக் குற்றம் சொன்னார்கள். இந்த வருஷம் எது அடித்தாலும் ஓடுகிறது என்றார்கள். தண்ணீர் விடாததற்காகக் கமிட்டியைக்கூடச் சிலர் பேசினார்கள். அது அநியாயம். தரை மேல் ஒரு தப்பும் கிடையாது.

பந்து அங்கே ஓடவில்லை, சார்ஜென்ட்.

மட்டை பந்தின் தலையில் பட்டது. பந்து வலப்பக்கம் தத்தித் தத்திப் போய், கூப்பிடு தூரம்கூடப் போகாமல் முட்புதர் ஓரம் நின்றது. கடலிலிருந்து காற்று எழுந்திருந்தது. அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தான். அப்புறம் என் பக்கம் திரும்பினான். அத்தனையும் தெரிந்த பிறகும் என் பக்கம்தான் திரும்பினான்.

"கையில சரியா படலையே. எங்க போச்சு?"

"ஓடுது, மாப்ள," என்றேன். "இன்னும் ஓடுது. நின்னுடுச்சு. நீ அடிச்சதுலயே இதான் தூரம்."

"அப்படியா? தலையில பட்ட மாதிரி இருந்துச்சே."

"இந்த வருஷம் மோசமான அடியும் ஓடும்னு டுலக் சொல்லல?"

அவன் சிரித்தான். பிறகு கொஞ்சம் நிதானித்து, "நெசமாத்தான் சொல்றியா, மச்சான்?" என்றான்.

"நெசமா."

அவன் என் கையைத் தேடவில்லை. தன் வாழ்நாளின் பெரிய அடியைத் தன் காலாலேயே நடந்து பார்க்க ஆசைப்பட்டான். இங்கே தனியாக நடக்கலாமா என்று கேட்டான். நடக்கலாம், நான் சொல்லிக்கொண்டே வருகிறேன் என்றேன். மட்டையை முன்னால் நீட்டிக்கொண்டு போனான். நான் நின்ற இடத்திலிருந்தே சொன்னேன். நேரா. கொஞ்சம் இடது. இன்னும் கொஞ்சம் இடது. நேரா. குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்கிற குரல்தான்.

ஒரு இடத்தில் நின்றுவிட்டான்.

"கடல் ரொம்பக் கிட்ட கேக்குதே?"

"காத்து அந்தப் பக்கத்துலேர்ந்து வருதுல்ல, அதான். பந்து உன் கால்கிட்டதான் கெடக்கு. ஒரு எட்டு வை."

வைத்தான்.

கத்தவில்லை. கல் சரிகிற சத்தம் மட்டும்தான். நான் முட்புதர் ஓரம் போய்ப் பந்தை எடுத்தேன். கைக்குட்டையால் துடைத்தேன், ஏன் துடைத்தேன் என்று தெரியவில்லை. கொண்டுபோய் விளிம்பில் வைத்தேன். தரை சாய்வாக இருந்ததால் அது நிற்க மறுத்தது. இரண்டு தடவை வைக்க வேண்டியிருந்தது. அப்புறம்தான் ஆட்களைக் கூப்பிட ஓடினேன். என் வயதுக்கு வேகமாகத்தான் ஓடினேன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

சனிக்கிழமைக்குப் பயந்து செய்தேன் என்று நீங்கள் எழுதலாம். அப்படி எழுதினால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அதற்காக மட்டும் என்றால் செவ்வாய்க்கிழமையே மனசில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வியாழக்கிழமை அந்த மணல்குழியிலிருந்து ஏறி வந்து அவன் சிரித்தானே, அப்போதுதான் வந்தது. இத்தனை வருஷம் அவனை நான் உயிரோடு வைத்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவனுக்கு நான் தேவையே இல்லை. கொஞ்சம் வெயிலும் இறுகின தரையும் போதுமாயிருந்தது அவனுக்கு.

தூக்கம் போய்விட்டது. சாப்பாடு இறங்கவில்லை. அடக்கத்தன்று பெட்டியைக் குழிக்குள் இறக்குகிற கயிறுகளில் முதல் கயிற்றை என் கையில் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். பெட்டி இறங்கும்போது கயிறு உள்ளங்கையை உராய்ந்து எரிந்தது. அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. நானே களிம்பு போட்டுப் பார்த்துவிட்டேன்.

எல்ஸ்பெத் தினமும் சாயங்காலம் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறாள். அழுவதில்லை.

"அந்தக் கடைசி அடியைச் சொல்லுண்ணா," என்பாள்.

சொல்கிறேன். பந்து கிளம்பினது, மேட்டில் ஏறினது, இறங்கினது, நிற்காமல் ஓடினது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் அழகாகிக்கொண்டே வருகிறது. கேட்கக் கேட்க அவள் முகம் தெளிகிறது. மேக்னஸ் டுலக் தன் செலவில் அந்த இடத்தில் ஒரு கல் நட ஏற்பாடு செய்திருக்கிறான். 'டூகல் ரென்னியின் பந்து இதுவரை ஓடியது' என்று செதுக்கச் சொன்னது எல்ஸ்பெத்தான். ஞாயிற்றுக்கிழமை திறப்பு. திரையை விலக்கச் சொல்லி என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உங்களை வரச் சொன்னேன்.

எழுதிக்கொள்ளுங்கள். நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். கோட்டும் தொப்பியும் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பந்து முட்புதரில் கிடந்தது என்பதை மட்டும் எழுதாதீர்கள். விளிம்பு வரை ஓடியதாகவே இருக்கட்டும். எல்ஸ்பெத்துக்கு மிச்சம் இருக்கிறது அது ஒன்றுதான். உண்மையைச் சொல்லி அவள் மனசை உடைக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.